தோடி மட்டும் ஏன் இரண்டு முறை வருகிறது: அப்பாவின் பாட்டுகளை எல்லாக் கருவியிலும் ஒழுங்காக வைக்க

குத்தாலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா நாற்பது வருடமாகச் சேர்த்த கேசட், சிடி எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, மொத்தம் 9,200 ஃபைல், கிட்டத்தட்ட 70 ஜிபி. விண்டோஸ் லேப்டாப் ஒன்று, அப்பா கையில் ஆண்ட்ராய்டு போன், சிங்கப்பூர் அக்கா அனுப்பிய ஐபேட் ஒன்று. லேப்டாப்பில் இருக்கும் கச்சேரிகள் ஐபேடில் பாதிக்கு மேல் இல்லை. தோடி, மோகனம், காம்போதி ராகப் பாட்டுகள் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கின்றன, கல்யாணியும் பைரவியும் ஒழுங்காக இருக்கின்றன. சில பாட்டின் பெயர் கிறுக்கலாகத் தெரிகிறது. விடியற்காலையில் கேட்க அப்பா போட்டுவைத்த பிளேலிஸ்ட் போனில் காலியாக இருக்கிறது. இதற்கெல்லாம் எந்த ஆப் நல்லது என்பது கேள்வி.

தம்பி, ஆப் கடைசியில். நான் கும்பகோணத்தில் ஒரு காலத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன், துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்தால் சோனி கேசட்டிலோ டிடிகே கேசட்டிலோ பதிந்து கொடுப்போமே, அந்தக் கடைதான். இப்போது அதே கடையில் பழைய கேசட்டுகளை எம்பி3 ஆக்கிக் கொடுக்கிறேன், அதோடு மாதம் நாலைந்து பேர் உங்களைப் போலவே வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் நாலு ஆப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், ஒவ்வொரு ஆப்பும் போகிற போக்கில் இன்னும் கொஞ்சம் குழப்பிவிட்டுப் போயிருக்கும். அடிப்படைக் கோளாறு ஒன்றுதான்: எது அசல், எது நகல் என்று வீட்டில் யாரும் முடிவு செய்யவில்லை. லேப்டாப்பும் அசல், போனும் அசல், ஐபேடும் அசல் என்றால் மூன்றும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்குத்தான் வர வேண்டும். கடைமடைக்காரன் மேலே தண்ணீர் அனுப்ப ஆரம்பித்தால் எல்லார் வயலும் கெட்டது.

அதனால் இன்றைக்கு ராத்திரி முதல் வேலையாக எல்லா சிங்க்கையும், அதாவது ஒரு கருவியில் செய்ததை மற்றதிலும் தானாகச் செய்யும் வசதியை, நிறுத்துங்கள். ஐபேடில் செட்டிங்ஸ், மியூசிக் போய் சிங்க் லைப்ரரியை அணைக்கலாம். அணைத்தால் அந்த ஐபேடில் இறக்கி வைத்த பாட்டுகள் போய்விடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், லேப்டாப்பில் இருப்பது அப்படியே இருக்கும். அப்புறம் லேப்டாப்பிலிருக்கும் 70 ஜிபியையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கை எதிலும் மாட்டாமல் பீரோவில் வையுங்கள். சிங்க் வேறு, பேக்கப் வேறு. ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிப்பதும் சிங்க்கின் வேலைதான், அது தன் வேலையைச் சரியாகச் செய்தது என்று சொல்லிக்கொண்டு அழ வேண்டியதுதான். நாச்சியார்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், போனில் இடமில்லை என்று 300 பாட்டை அழித்தார். அடுத்த நாள் லேப்டாப்பில் அதே 300 பாட்டும் இல்லை. இருபக்க சிங்க் போட்டு வைத்திருக்கிறார், போட்டது அவருக்கே ஞாபகமில்லை. ரீசைக்கிள் பின்னில் பாதி கிடைத்தது. மீதிக்கு, நல்லவேளை, கேசட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். ஐப்பசி மழை ஈரத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்ததைத் துடைத்து மறுபடி ஏற்றினோம், மூன்று வாரம் ஆனது.

நகல் எடுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். லேப்டாப்பில் மியூசிக் ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்புக்குள், போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் சின்ன மேகப் படம் தெரிந்தால் அந்தப் பாட்டு உங்கள் லேப்டாப்பிலேயே இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது. இலவசக் கணக்கில் அங்கே கிடைப்பது 5 ஜிபி, உங்களிடம் இருப்பது 70. பாட்டு ஃபோல்டரை அதற்கு வெளியே, டி டிரைவ் மாதிரி ஓரிடத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இனி அசல்.

சரி, ஐபேட். முதலில் கேட்க வேண்டியது: அந்த ஐபேடில் யாருடைய ஆப்பிள் கணக்கு இருக்கிறது? அக்கா அமைத்து அனுப்பியது என்றால் அக்காவின் கணக்காகத்தான் இருக்கும். லேப்டாப்பில் நீங்கள் வேறு கணக்கு போட்டிருந்தால் இரண்டு லைப்ரரியும் ஜென்மத்துக்கும் சேராது, ஏனென்றால் லைப்ரரி ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று இல்லை. ஃபேமிலி ஷேரிங் போட்டாலும் சந்தாவைத்தான் பங்கிடலாம், அவரவர் பாட்டுப் பட்டியல் அவரவருக்குத்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடுகிறது.

கணக்கு ஒன்றுதான், ஆப்பிள் மியூசிக் சந்தாவும் இருக்கிறது, ஆனாலும் பாட்டு வரவில்லை என்றால் அதற்குக் கர்நாடக சங்கீதக்காரர்களுக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. அந்த மேக லைப்ரரியில், அதாவது இணையத்தில் ஆப்பிள் வைத்திருக்கும் லைப்ரரியில், ஒரு லட்சம் பாட்டு வரை வைக்கலாம், 9,200 அதற்குத் தூசு. ஆனால் ஒரு ஃபைல் 200 எம்பிக்கு மேல் இருந்தாலோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினாலோ அது ஏறாது. சினிமாப் பாட்டு கேட்கிறவர்களுக்கு இப்படி ஒரு வரம்பு இருப்பதே தெரியாது. நம் ஆட்கள் கச்சேரியை வர்ணத்திலிருந்து மங்களம் வரைக்கும் ஒரே ஃபைலாகப் போட்டு வைத்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 2.4 எம்பி, இரண்டரை மணி நேரக் கச்சேரி 360 எம்பி. 128 கேபிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, மூன்று மணி நேரக் கச்சேரி 200 எம்பிக்குள் அடங்கிவிடும், ஆனால் இரண்டு மணி நேர வரம்பில் மாட்டிக்கொள்ளும். ஐபேடில் இல்லாத கச்சேரிகளின் பட்டியலை எடுத்து லேப்டாப்பில் அதன் நீளத்தைப் பாருங்கள், பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் பாட்டுப் பட்டியலின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து கிளவுட் ஸ்டேட்டஸ் என்ற பத்தியைக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக மேட்ச்டு, அப்லோடட், வெயிட்டிங், டூப்ளிகேட், இன்எலிஜிபிள் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். இன்எலிஜிபிள் என்றிருப்பவை பெரும்பாலும் இந்த நீளக் கச்சேரிகள்.

தீர்வு, வெட்டுவது. எம்பி3டைரக்ட்கட் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது, மறுபடி என்கோட் செய்யாமல் வெட்டும், அதனால் ஒலித்தரம் குறையாது. எங்கே வெட்டுவது என்பதுதான் சங்கதி. ஆலாபனை ஒரு துண்டு, கீர்த்தனை ஒரு துண்டு, தனி ஆவர்த்தனம் ஒரு துண்டு என்று வெட்டிக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஷஃபிளில் போட்டால் தனி மட்டும் அநாதையாக எங்கேயோ நடுவில் வந்து நிற்கும். ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், ஸ்வரம், தனி எல்லாம் சேர்ந்து ஒரே உருப்படி. கைதட்டலில் வெட்டுங்கள், கைதட்டலை முந்தின துண்டோடு விடுங்கள். முதன்மை உருப்படி பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது, அது தாராளமாக ஏறும். வெட்டாத முழுக் கச்சேரியை அசல் ஃபோல்டரில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அழிக்க வேண்டாம்.

மேட்ச்டு என்றிருப்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். உங்கள் ஃபைலை ஏற்றாமல், அவர்களிடம் இருக்கும் அதே பாட்டை மற்றக் கருவிகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டுடியோவில் பதிந்த பாட்டுக்கு இது வசதி. ஆனால் நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் எந்தத் தோடி? மனிதர் 1956இல் காலமானவர், இசைத்தட்டில் வாசித்தது சில நிமிடம், வேறு பதிவுகளில் நீளமாக வாசித்தது வேறு. இயந்திரம் ஒலியை ஒப்பிட்டுத்தான் சேர்க்கிறது, பெரும்பாலும் சரியாகவே சேர்க்கும், தவறினால் உங்கள் வீட்டுக் கேசட்டுக்குப் பதிலாக வேறொன்று ஐபேடில் பாடும். லேப்டாப்பில் இருக்கும் அசலுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் மேகத்தில் ஏறிவிட்டதே என்று அசலை அழிக்காதீர்கள் என்கிறேன், ஆப்பிளே இது பேக்கப் இல்லை என்றுதான் சொல்கிறது. சந்தாவை நிறுத்தினால் மேகத்தில் ஏற்றியது கையை விட்டுப் போகும். கூகுளும் பிளே மியூசிக்கை 2020 கடைசியில் மூடியது, யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளத் தவணை கொடுத்தார்கள், கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு. யூடியூப் மியூசிக்கிலும் சொந்தப் பாட்டு ஒரு லட்சம் வரை ஏற்றலாம், கம்ப்யூட்டர் பிரவுசரிலிருந்து மட்டும்தான், போனிலிருந்து முடியாது.

இன்னொரு கணக்கு. 70 ஜிபியை மேலே ஏற்ற எவ்வளவு நேரமாகும்? அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் இருந்தால் பதினைந்தரை மணி நேரத்துக்கு மேல், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். போன் டேட்டாவில் நாளுக்கு 2 ஜிபி வீதம் என்றால் முப்பத்தைந்து நாள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, மழைக்காலக் கூத்து எல்லாம் சேர்த்தால் மேட்டூரில் தண்ணீர் திறந்து கடைமடைக்கு வருவதற்குள் பாட்டு ஏறினால் பெரிய விஷயம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரண்டும் இல்லை டவரும் இல்லை, அப்போது பாடியதெல்லாம் கருவிக்குள்ளேயே இருந்த பாட்டுகள்தான். அதனால் என் கட்சி எப்போதும் ஒன்றுதான், மேகம் கூடுதல் வசதி, பாட்டு கைக்குள் இருக்க வேண்டும்.

இப்போது நான் ஆசையோடு காத்திருந்த இடம். தோடி, மோகனம், காம்போதி இரட்டையாக வருகிறது, கல்யாணி, பைரவி, சங்கராபரணம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், கேள்வியைப் படித்ததும் அக்கா வீட்டில் மேக் கம்ப்யூட்டர்தானே என்று கேட்கத் தோன்றியது, கீழே பார்த்தால் சிடிக்களை அக்காதான் மேக்கில் ஏற்றி ஜிப் கட்டி அனுப்பினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விஷயம் இதுதான். 'தோ' என்று எழுத, த எழுத்துக்கு முன்னால் ரெட்டைக்கொம்பும் பின்னால் துணைக்காலும் போடுகிறோம். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் அந்த ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்றுதான் யூனிகோடு விதி சொல்கிறது, கண்ணுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் மேக் ஃபைல் பெயர்களைப் பிரித்து எழுதும் பழக்கமுள்ளது, விண்டோஸில் நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் சேர்த்து எழுதியது. விண்டோஸும் ஆண்ட்ராய்டும் இதை ஒப்பிடும்போது பைட் பைட்டாகப் பார்க்கும், வேறு ஃபைல் என்று முடிவு கட்டி இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வருகிற பெயர்களில் மட்டும்தான் தமிழில் இந்தச் சிக்கல். அதனால்தான் தோடி, மோகனம், காம்போதி, கௌளை மாட்டுகின்றன, கல்யாணி தப்பிக்கிறது. பைரவியில் இருக்கும் ஐகாரத்துக்கு ஒரே குறிதான், பிரிக்க முடியாது.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. அந்த ஃபைல் பெயரில் ரீநேம் போட்டு, 'தோ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை தட்டுங்கள். 'தே' என்று நின்றால் பிரித்து எழுதியது, 'த' என்று நின்றால் சேர்த்து எழுதியது. பார்த்ததும் எஸ்கேப் தட்டி வெளியே வந்துவிடுங்கள். சரிப்படுத்த லினக்ஸில் கன்வ்எம்வி என்று ஒரு கருவி மொத்த ஃபோல்டரையும் ஒரே நடையில் சேர்த்தெழுத்தாக மாற்றிவிடும், விண்டோஸில் தெரிந்தவர் யாரிடமாவது சொன்னால் பவர்ஷெல்லில் நாலு வரியில் முடித்துத் தருவார், நார்மலைஸ் என்ற சொல்லைச் சொன்னால் போதும். ஏற்கெனவே ஜோடியாகிவிட்டதைத் தீர்ப்பது மட்டும் உங்கள் கையில்தான்.

அப்படித் தீர்க்கும்போது தயவுசெய்து தலைப்பை வைத்து டூப்ளிகேட் அழிக்கும் மென்பொருளை ஓட விடாதீர்கள். ஒரு ரசிகர் வீட்டில் 'தோடி' என்ற தலைப்பில் முப்பது ஃபைல் இருக்கும், முப்பதும் முப்பது பேர் வாசித்தது. சினிமாப் பாட்டுக்காகச் செய்த மென்பொருள் அதில் இருபத்தொன்பதைக் குப்பைக்கு அனுப்பும். உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும்படி அமைத்துக்கொள்ளுங்கள், டூப்குரு என்ற மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. அச்சாக ஒன்றாக இருப்பதை மட்டும் அது காட்டும். ஒரே கேசட்டை இரண்டு முறை ஏற்றியிருந்தால் அது கண்டுபிடிக்காது, அதற்கு அப்பாவின் காதுதான்.

ஃபைல் பெயரைப் பற்றிப் பேசுகையில் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில பாட்டுகள் போனுக்குப் போகவே மாட்டேன் என்று நிற்பதற்கு இதுதான் காரணம், பிழைச் செய்தியிலும் சரியாகச் சொல்லாது. ஆண்ட்ராய்டில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், அதனால் 85 குறிதான் அடங்கும். 'கி' என்றால் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு, 'க்' என்றாலும் இரண்டு. ஆகக் கண்ணுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து எழுத்து. விண்டோஸில் 255 குறி வரை இடமுண்டு. அப்பாக்கள் சும்மா இருப்பார்களா, ராகம், தாளம், பாடியவர், வயலின், மிருதங்கம், எந்தச் சபா, எந்த வருடம், பதிந்து கொடுத்த நண்பர் பெயர் எல்லாம் ஃபைல் பெயரிலேயே எழுதியிருப்பார்கள். அதையெல்லாம் டேக்குக்குள் எழுதிவிட்டுப் பெயரைச் சுருக்குங்கள். பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் இருந்தாலும் எடுத்துவிடுங்கள், மேக்கில் செல்லுபடியாகும் சில குறிகள் விண்டோஸில் செல்லாது.

டேக் என்றால் எம்பி3க்குள்ளேயே எழுதிவைக்கும் விவரம், பிளேயர்கள் ஃபைல் பெயரைப் பார்ப்பதைவிட இதைத்தான் பார்க்கும். கிறுக்கலாகத் தெரிகிறது என்றீர்களே, அதில் இரண்டு வகை உண்டு. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து உளறலாகத் தெரிந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டியது. வால் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி என்ற பழைய குறியேற்றமோ, அரசு 1999இல் கொண்டுவந்த டேப் குறியேற்றமோ. 2005க்கு முன்னால் ஏற்றிய பாட்டுகளில் இது சகஜம். என்எச்எம் கன்வெர்ட்டர் இவை எல்லாவற்றையும் யூனிகோடாக மாற்றும், மாற்றியதை எம்பி3டேக் என்ற மென்பொருள் வழியாக உள்ளே எழுதலாம். பெயர் பாதியில் அறுந்திருந்தால் அது பழைய ஐடி3 முதல் பதிப்பு டேக், அதில் தலைப்புக்கு மொத்தம் 30 பைட்தான், தமிழ் யூனிகோடில் பத்துக் குறி, 'செம்பனார்கோவில்' என்ற ஊர்ப்பெயர் 'செம்பனார்க'வோடு நின்றுவிடும். அந்தப் பழைய டேக்கை நீக்கிவிட்டு 2.3 பதிப்பில் யூடிஎஃப்-16 ஆக எழுதச் சொல்லுங்கள், பழைய கார் ஸ்டீரியோ தவிர எல்லாக் கருவியும் படிக்கும்.

அதே இடத்தில் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற கட்டத்தையும் நிரப்புங்கள். அது காலியாக இருப்பதால்தான் திருவையாறு ஆராதனைத் தொகுப்பு ஒன்று ஐபேடில் பதினான்கு ஆல்பமாகச் சிதறிக் கிடக்கிறது, ஆளுக்கு ஒரு பாட்டு. எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே பெயர் போட்டால் ஒரே ஆல்பமாகச் சேர்ந்துகொள்ளும். பாடியவர் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில், தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி எல்லாம் கம்போசர் கட்டத்தில். தியாகராஜரை ஆர்ட்டிஸ்ட் ஆக்கி வைத்திருக்கிற லைப்ரரிகளை நிறையப் பார்த்துவிட்டேன், 1847இல் சமாதி அடைந்தவர் எம்எஸ்ஸோடு போட்டி போட்டுப் பாடிக்கொண்டிருப்பார். பாட்டு எண்ணை 1, 2 என்று எழுதாமல் 01, 02 என்று ஃபைல் பெயரில் எழுதுங்கள், இல்லையென்றால் சில பிளேயர்களில் ஒன்றுக்கு அடுத்து பத்து வரும்.

பிளேலிஸ்ட் காலியாக இருப்பது சின்ன விஷயம். பிளேலிஸ்ட் ஃபைலுக்குள் பாட்டு இருக்காது, பாட்டு இருக்கும் விலாசம்தான் இருக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள், ஒவ்வொரு வரியும் சி டிரைவ், யூசர்ஸ் என்று லேப்டாப் விலாசமாக இருக்கும். போனில் சி டிரைவ் ஏது? பிளேலிஸ்ட்டைப் பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, ரிலேட்டிவ் பாத் என்ற முறையில் சேமிக்கச் சொல்லுங்கள். எம்3யு என்று சேமிக்காமல் எம்3யு8 என்று சேமியுங்கள், அந்த எட்டு இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகப் போய்விடும் வாய்ப்பு அதிகம். விண்டோஸ் சாய்கோடு இடம் சாயும், ஆண்ட்ராய்டு சாய்கோடு வலம் சாயும், அதையும் ஃபைண்ட் ரீப்ளேஸில் மாற்றிவிட்டால் முடிந்தது.

பாட்டு போனுக்குள் வந்துவிட்டது, ஆனால் பிளேயரில் தெரியவில்லை என்றால், ஃபோல்டருக்குள் நோமீடியா என்ற பெயரில் முன்னால் ஒரு புள்ளியோடு ஃபைல் ஒன்று ஒளிந்திருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் இந்த ஃபோல்டரை எட்டிப் பார்க்காதே என்று போனுக்கு அர்த்தம். அழித்துவிட்டு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இவ்வளவும் முடித்த பிறகுதான் ஆப். லேப்டாப்புக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நான் போட்டுக் கொடுப்பது சிங்க்திங். இலவசம், பாட்டு வீட்டு வைஃபைக்குள்ளேயே நேராகப் போகும், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் போகும். அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப்பை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள், சிங்க்திங்-ஃபோர்க் என்ற பெயரில் வருவதைப் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் அந்த ஃபோல்டரை சென்ட் ஒன்லி என்றும் போனில் ரிசீவ் ஒன்லி என்றும் வையுங்கள். தலைமடை, கடைமடை என்றேனே, அது இதுதான். அப்பா போனில் தவறி எதையாவது அழித்தாலும் லேப்டாப்பில் அசையாது, ரிவர்ட் என்ற பொத்தானைத் தட்டினால் திரும்பி வரும். போனின் பேட்டரி செட்டிங்ஸில் இந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கி, ஆட்டோஸ்டார்ட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் போன் அதைக் கொன்றுவிடும், சிங்க் ஆகவில்லை என்று எனக்குப் போன் வரும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை என்றால் ஒன்று கெஸ்ட் வைஃபையில் இருக்கும், பாருங்கள்.

70 ஜிபியையும் போனில் கொட்ட வேண்டியதில்லை. கேசட்டை வேவ் ஃபைலாக ஏற்றியிருந்தால் நிமிடத்துக்கு 10 எம்பி, ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட் மட்டுமே 900 எம்பிக்கு மேல். அசல் அப்படியே இருக்கட்டும், அப்பா அடிக்கடி கேட்பதை மட்டும் 192 கேபிபிஎஸ்ஸில் நகல் எடுத்து 'அப்பா போன்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு அதை மட்டும் அனுப்புங்கள். கேசட்டில் வந்த ஒலிக்கு அதற்கு மேல் வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு, போடட்டும்.

ஐபேடுக்கு இரண்டு வழி. விஎல்சி பிளேயரைப் போட்டு அதில் வைஃபை ஷேரிங்கைத் திறந்தால் ஒரு விலாசம் காட்டும், லேப்டாப் பிரவுசரில் அதைத் தட்டி ஃபைல்களை இழுத்துப் போட்டால் போய்விடும். கணக்கும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம், மூன்று மணி நேரக் கச்சேரியும் போகும். இல்லை, மியூசிக் ஆப்பிலேயே வர வேண்டும் என்றால் லேப்டாப்பில் ஆப்பிள் டிவைசஸ் ஆப்பும் ஆப்பிள் மியூசிக் ஆப்பும் போட்டுக் கேபிள் வழியாக அனுப்பலாம், ஆனால் சிங்க் லைப்ரரி ஆன் ஆகியிருந்தால் கேபிள் வழி பாட்டு ஏறாது, இரண்டில் ஒன்றுதான். அந்த ஐபேட் முன்பு அக்காவின் மேக்கோடு சேர்ந்திருந்தால், உள்ளே இருக்கும் பாட்டை அழித்துவிட்டுப் புதிதாகச் சேரவா என்று கேட்கும். அதற்கு ஆம் என்பதற்கு முன்னால் அக்காவை ஒரு வார்த்தை கேளுங்கள்.

காருக்கு பென் டிரைவ் என்றால் பெரும்பாலான ஸ்டீரியோவுக்கு ஃபேட்32 ஃபார்மட்தான் ஒத்துவரும். பல ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையில் பாடாது, எந்த வரிசையில் காப்பி செய்தோமோ அந்த வரிசையில் பாடும், அதனால் ஒவ்வொரு ஃபோல்டராக வரிசைப்படி காப்பி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து காப்பி செய்கிறது என்று சிலர் புலம்புவார்கள். ஃபேட்32இல் நேரம் இரண்டு விநாடிக் கணக்கில்தான் பதியும், லேப்டாப்பில் இன்னும் நுணுக்கமாகப் பதியும், ஒரு விநாடி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு மென்பொருள் ஃபைல் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டு விநாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதே என்று அதன் அமைப்பில் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை பாக்கி. திருவிடைமருதூர் பக்கம் ஒரு மைக் செட்காரர், கல்யாண மண்டபத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு மங்கல இசை போடப் போனைத் திறந்திருக்கிறார், பட்டியலில் எல்லாப் பாட்டும் இருக்கிறது, எதைத் தட்டினாலும் சாம்பல் நிறமாக நிற்கிறது. எல்லாம் மேகத்தில் இருந்த பாட்டுகள், மண்டபத்துக்குள் டவர் இல்லை. நாகஸ்வரக்காரர்கள் ஐந்தரைக்குத்தான் வந்தார்கள், அதுவரைக்கும் ஒலிபெருக்கியில் 'ஹலோ மைக் டெஸ்டிங்'தான் ஓடியதாம். ஆகவே அப்பாவின் போனையும் ஐபேடையும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா பாருங்கள், ஒவ்வொரு ஃபோல்டரிலும் பாட்டு ஒன்றிரண்டைத் தட்டி, நடுவில் ஓரிடத்துக்கு இழுத்துவிட்டுக் கேளுங்கள். பாடுவதுதான் உள்ளே இருக்கிறது. பாடாததன் பெயரைக் குறித்துக்கொண்டு எனக்கு அனுப்புங்கள், பெயரில் ஓகாரம் இருக்கிறதா என்று முதலில் நீங்களே பார்த்துவிட்டு.